உங்கள் பயிற்சித்தாளுக்கு எந்த உரிமம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். ஆறாம் வகுப்புப் பின்னங்களுக்காக, கால் (1/4), அரைக்கால் (1/8), மாகாணி (1/16) என்ற நம் பழைய அளவுச் சொற்களைக் கொண்டு நாற்பது பயிற்சித்தாள்கள் எழுதி, ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். சென்ற ஆண்டு அவற்றில் சில, என் பெயர் இல்லாமல், விற்பனைக்கு வந்த ஒரு கையேட்டில் இருந்தன. இனி முறையான திறந்த உரிமத்தோடு வெளியிட விரும்புகிறேன். ‘வணிகம் கூடாது, மாற்றவும் கூடாது’ என்ற உரிமமே பாதுகாப்பானது என்கிறார் உடன் பணிபுரியும் ஆசிரியர். அவர் சொல்வது சரியா?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, ஒன்றை எழுதி முடித்த அப்போதே அதன் உரிமை பொதுவாக எழுதியவருக்கு வந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே உங்கள் அனுமதியின்றி அந்தக் கையேட்டில் அச்சிட்டது அன்றே சட்டமீறல்தான். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தாளில் உரிமம் எதுவும் எழுதப்படாததால், உங்கள் பெயரோடு முறையாகப் பயன்படுத்த நினைத்த ஆசிரியருக்கும் அனுமதி இல்லாமலே போயிற்று. எடுத்துக்கொள்ளத் துணிந்தவர் எடுத்துக்கொண்டார். கேட்டுச் செய்ய நினைத்தவர் தயங்கி நின்றிருப்பார். எந்த நிபந்தனையோடு யாரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதே திறந்த உரிமம். அந்தத் தயக்கத்தைப் போக்குவதுதான் அதன் முதல் வேலை.

இதற்காகப் பெரும்பாலோர் பயன்படுத்துவது, 2001-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) அமைப்பின் உரிமங்கள். 2013-இல் வந்த 4.0 பதிப்பே இப்போது நடப்பில் இருக்கிறது. அதில் ஆறு உரிமங்கள் உண்டு. ஆறிலும் பொதுவான நிபந்தனை, ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது. சுருக்கமாக ‘பை’ என்பார்கள். அதனோடு சேரக்கூடியவை மூன்று: மாற்றி உருவாக்கியதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற ‘எஸ்ஏ’, வணிக நோக்கம் கூடாது என்ற ‘என்சி’, மாற்றியதைப் பகிரக் கூடாது என்ற ‘என்டி’. உங்கள் நண்பர் பரிந்துரைப்பது பின்னிரண்டையும் சேர்த்த, ஆறில் மிக இறுக்கமான உரிமம்.

முதலில் ‘என்டி’யைப் பார்ப்போம். அரைக்காலும் அரைக்காலும் சேர்ந்தால் கால் என்று உங்கள் தாளில் ஒரு கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பில் ஓர் ஆசிரியர் அதைத் தம் வகுப்புக்கு எடுக்கிறார். அங்கே ஆறாம் வகுப்பு என்பது தரம் 6, பயிற்சித்தாள் என்பது செயலட்டை; ஊர்ப் பெயர்களும் அரிசி விலையும் வேறு. இவற்றைத் திருத்தித் தம் வகுப்பறைக்குள் பயன்படுத்தலாம். திருத்திய தாளைப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்ப உரிமம் இடம் தராது. மலையாளத்திலும் காலும் அரைக்காலும் மாகாணியும் இருப்பதால் பாலக்காட்டு ஆசிரியர் ஒருவர் உங்கள் தாள்களை அப்படியே மொழிபெயர்க்க முடியும். அந்த மொழிபெயர்ப்பையும் அவர் வெளியிட முடியாது. பாடம் என்பது ஒவ்வொரு வகுப்பறையிலும் சற்றே மாறித்தான் உயிரோடு இருக்கிறது. மாற்றக் கூடாத பயிற்சித்தாளை இன்னோர் ஆசிரியர் ஒருமுறை படியெடுத்துப் பயன்படுத்திவிட்டு ஒதுக்கி வைத்துவிடுவார். பாடப் பொருளுக்கு ‘என்டி’ வேண்டாம் என்பதை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

‘என்சி’ அவ்வளவு எளிதில் ஒதுக்கக்கூடியது அன்று. எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர், கான் அகாதெமி போன்ற இலவச இணையப் பாடத் தளங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. தம் புத்தகத்தை விற்று வாழ்பவருக்கு அது பொருந்தவும் கூடும். ஆனால் எது வணிகம் என்ற கேள்வி உடனே எழுந்துவிடுகிறது. அமெரிக்காவில் கிரேட் மைண்ட்ஸ் என்ற லாப நோக்கற்ற நிறுவனம், யுரேகா மேத் என்ற கணிதப் பாடங்களை ‘என்சி’ சேர்ந்த உரிமத்தில் வெளியிட்டிருந்தது. பள்ளிகள் அவற்றை ஃபெட்எக்ஸ் ஆஃபீஸ் கடைகளில் பணம் கொடுத்துப் படியெடுத்தபோது, கடை லாபம் பார்க்கிறது என்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தனக்கு அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டுக்காகப் படியெடுக்கும் வேலையைப் பள்ளி ஒரு கடையிடம் கொடுக்கலாம் என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் கடையின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆஃபீஸ் டிப்போ என்ற இன்னொரு கடை நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கும் 2019-இல் அவ்வாறே முடிந்தது. தீர்ப்பு பள்ளிகளுக்கு நல்லதுதான். ஆனால் பள்ளி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் தாளை நீட்டலாமா என்பதற்கே நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி, மாலை நேர டியூஷன் நடத்தும் பட்டதாரி, அச்சுச் செலவுக்குப் பத்து ரூபாய் வாங்கும் அறிவியல் இயக்கக் கிளை என ஒவ்வொருவரும் இதே ஐயத்தோடு நிற்பார்கள். அதோடு, விக்கிப்பீடியாவும் அதன் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸும் ‘என்சி’, ‘என்டி’ உரிமத்தில் உள்ள எதையும் ஏற்பதில்லை.

ஆகவே உங்களுக்கு நான் பரிந்துரைப்பது சிசி பை-எஸ்ஏ 4.0. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் இந்த உரிமத்தில்தான் இருக்கின்றன. இதன்படி அந்தக் கையேட்டுக்காரர் உங்கள் தாளை விற்கலாம். ஆனால் உங்கள் பெயரை அச்சிட வேண்டும், எதை மாற்றினார் என்று சொல்ல வேண்டும், திருத்தி உருவாக்கிய தாளை அதே உரிமத்தில் விட வேண்டும். அந்தத் தாளை வாங்கியவர் படியெடுத்து ஊருக்கே கொடுத்தாலும் அவர் தடுக்க முடியாது. பெயரை நீக்கினால் அவருடைய அனுமதி அந்த நொடியே முடிந்துவிடும். மீறலை அறிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் மட்டுமே அது தானாகத் திரும்பக் கிடைக்கும். உங்களைப் புண்படுத்தியது பெயர் நீக்கம் என்றால், அதற்கு ஆறு உரிமங்களில் எதிலும் இடமில்லை.

‘எஸ்ஏ’கூட வேண்டாம், பெயர் மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்தால் வெறும் ‘பை’ இருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் சிறுவர் கதைகள் 2015 முதல் அந்த உரிமத்தில் வருகின்றன. ஒரு மொழியில் எழுதிய கதையை யாரிடமும் கடிதம் எழுதி அனுமதி கேட்காமல் தன்னார்வலர்கள் தமிழுக்கும் பிற மொழிகளுக்கும் கொண்டுபோக அதுவே வழிவிட்டது.

கேள்வி: என் தாள்களில் கூகுளில் தேடி எடுத்த படங்களும் பாடநூலிலிருந்து எடுத்த சில கணக்குகளும் உள்ளன. மொத்தத்துக்கும் சேர்த்து உரிமம் தரலாமா?
– ஓர் ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. உங்களுக்குச் சொந்தமானதற்கு மட்டுமே நீங்கள் உரிமம் தர முடியும். கற்பித்தலின் போக்கில் ஆசிரியரும் மாணவரும் படியெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுக்கு விரிவாகவே பொருள் கொண்டது. ஆனால் வகுப்பில் பயன்படுத்தக் கிடைத்த அந்தச் சலுகை, பிறர் படத்தை ஊருக்கெல்லாம் உரிமம் போட்டுக் கொடுக்கும் உரிமையாக மாறிவிடாது. கணக்குகளை உங்கள் சொற்களில் புதிதாக எழுதுங்கள். பின்னத்தைக் கூட்டும் முறைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. படங்களை விக்கிமீடியா காமன்ஸிலிருந்து எடுங்கள், அல்லது மாணவர் ஒருவரை வரையச் சொல்லி, அவருடைய பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ‘பை-என்சி-எஸ்ஏ’வில் உள்ள ஒரு பாடத்தையும் ‘பை-எஸ்ஏ’வில் உள்ள ஒரு பாடத்தையும் கலந்து புதிய பாடம் ஆக்கினால் அதை வெளியிட வழியில்லை. இரண்டும் தம் உரிமத்தையே கோரும்.

கேள்வி: தனியார் கல்லூரி ஒன்றில் வேலை செய்கிறேன். என் பாடக் குறிப்புகளுக்கு நானே உரிமம் தரலாமா? பின்னால் மனம் மாறினால் திரும்பப் பெறலாமா?
– ஒரு விரிவுரையாளர், கோயம்புத்தூர்

பதில்: பணியின் பகுதியாக ஆக்கியவற்றின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணியில் அமர்த்தியவரே என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. பாடக் குறிப்பு அதில் அடங்குமா என்பது உங்கள் பணி ஆணையின் சொற்களைப் பொறுத்தது. வாதிட்டுக்கொண்டிருக்காமல் முதல்வரிடம் ஒரு பக்கக் கடிதத்தில் ஒப்புதல் வாங்கிவிடுவது நல்லது. திரும்பப் பெற முடியாது. நீங்கள் வெளியிடுவதை நிறுத்தலாம், ஆனால் ஏற்கெனவே பெற்றவர்களின் உரிமை தொடரும். அதனால்தான் கடிதத்தை முதலில் வாங்கச் சொல்கிறேன்.

கேள்வி: தாளில் உரிமத்தை எப்படி எழுதுவது?
– ஓர் ஆசிரியை, விருதுநகர்

பதில்: ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு வரி போதும். ‘பின்னங்கள்: பயிற்சித்தாள் 7. ஆக்கம்: (உங்கள் பெயர்), 2025. உரிமம்: கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0’ என்று எழுதி, உரிமத்தின் இணைய முகவரியையும் மூலக் கோப்பு கிடைக்கும் முகவரியையும் சேருங்கள். கோப்பின் முதல் பக்கத்தில் மட்டும் எழுதினால் போதாது, ஏனென்றால் பயிற்சித்தாள்கள் பெரும்பாலும் தனித்தனிப் பக்கமாகவே கைமாறுகின்றன.

மூலக் கோப்பு என்றதற்குக் காரணம் உண்டு. அண்மையில் எனக்கு வந்த ஒரு நல்ல அறிவியல் பாடத்தில், மாற்றலாம் என்ற உரிமம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஒரு பத்தியை எடுத்துத் திருத்தப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப் அது. ஒட்டியபோது பத்தி முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டியது. உரிமம் அனுமதித்ததைக் கோப்பு தடுத்துவிட்டது. ஆகவே தமிழைத் தமிழாகவே கணினி அறியும் யூனிகோடு முறையில் தட்டச்சு செய்யுங்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். பிடிஎஃப்போடு, திருத்தக்கூடிய வேர்ட் அல்லது லிப்ரெஆஃபீஸ் கோப்பையும் அதே இடத்தில் வையுங்கள்.