டாக்டர் கோட்டு போட்ட பொம்மை

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். ஆறு வயது மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக அவள் அத்தை டாக்டர் பார்பி வாங்கித் தந்தார். டாக்டர்தானே, நல்லதுதானே என்று இருந்தேன். இப்போது ‘நானும் இது மாதிரி ஒல்லியா, செவப்பா ஆகணும்’ என்கிறாள். பிடுங்கி வைத்துவிடலாமா?
ஒரு வாசகி

அன்புள்ள தோழி,

பிடுங்க வேண்டாம். ஒளித்துவைத்தால் ஆசை கூடத்தான் செய்யும். ஆனால் அந்த வெள்ளைக் கோட்டை நம்பி இருந்துவிடவும் கூடாது.

அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், 4 முதல் 7 வயது வரையிலான 37 சிறுமிகளை ஐந்து நிமிடம் விளையாட விட்டார்கள். சிலருக்கு டாக்டர் பார்பி, சிலருக்கு அலங்கார உடை பார்பி, மற்றவர்களுக்கு உருளைக்கிழங்கு உருவப் பொம்மை. பிறகு பத்து வேலைகளைக் காட்டி, உன்னால் எது முடியும், பையன்களால் எது முடியும் என்று கேட்டார்கள். பார்பியோடு விளையாடியவர்கள், பையன்களால் முடிகிற அளவு வேலைகள் தங்களால் முடியாது என்றார்கள். கோட்டு போட்ட பார்பியும் அதைத் தடுக்கவில்லை. சின்ன ஆய்வுதான், நெடுநாள் விளைவை அது அளக்கவில்லை. என்றாலும் எனக்கு அந்த எச்சரிக்கை போதும்.

இன்ச் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். பொம்மை ஆறில் ஒரு பங்கு அளவு. உயரம் 11½ அங்குலம்; ஆறால் பெருக்கினால் 5 அடி 9 அங்குலம். வழக்கமான ஒல்லி உருவத்தின் இடுப்புச் சுற்று மூன்றரைக்குள் அடங்கும். பெருக்கினாலும் 21 தாண்டாது. 1965-இல் வந்த ஒரு பார்பியோடு எடை மெஷினும் தந்தார்கள். அது காட்டிய எடை 110 பவுண்டு, அதாவது 50 கிலோ. கூடவே உடல் இளைக்க ஒரு குட்டிப் புத்தகம். அதில் இருந்த அறிவுரை ‘சாப்பிடாதே’. 1959-இல் பிறந்த பொம்மைக்குப் பூசினாற்போன்ற உடம்பு வந்தது 2016-இல்தான்.

துணியின் தடிமன் பொம்மைக்கேற்பச் சுருங்காது, மடிப்பெல்லாம் இடுப்பில் குவியும், அதை ஈடுகட்டத்தான் இடுப்பை ஒல்லியாக வைத்தார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. தையல் கணக்கில் சரிதான். ஆனால் குழந்தை உடையைக் கழற்றிவிட்டும் விளையாடுகிறதே!

பிடுங்குவதற்குப் பதில், நீங்களே ஒரு துணிப் பொம்மை தைத்துக் கொடுங்கள். பக்கத்தில் எம்.சி. ரோடு இருக்கிறது. கால் மீட்டர் காட்டன் பாப்ளின் வாங்குங்கள். நிறத்தை மகளின் முன்கையில் வைத்துப் பார்த்து அவளே தேர்ந்தெடுக்கட்டும். 12 அங்குலத்துக்கு உருவம் வரைந்து, கால் அங்குலம் தையலுக்கு விட்டு, இரண்டு துண்டாக வெட்டுங்கள். பலர் தவறுவது கழுத்தில். தைத்தபின் ஒன்றரை அங்குல அகலமாவது இருக்க வேண்டும்; இல்லையென்றால் பஞ்சு இறங்காமல் தலை தொங்கிவிடும். கழுத்து, அக்குள், தொடை வளைவுகளில் தையலைத் தொடாமல் கத்தரியால் வெட்டுக் கொடுத்தால், உட்புறம் வெளியே வரத் திருப்பும்போது சுருக்கம் விழாது. நூறு கிராம் இலவம்பஞ்சு தாராளம். சிறு சிறு பிய்யலாகத் தலையிலிருந்து அடைத்து வாருங்கள். கையால் அள்ளித் திணித்தால் கட்டி தட்டும். தொடை மேல் குறுக்கே ஒரு தையல் போட்டால் உட்கார வைக்கலாம். முடிக்குக் கறுப்பு உல்லன் நூல்.

கடைசியாகப் புதுப் பொம்மைக்கு ஒரு பாவாடை தைத்து, அதையே பார்பிக்கும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாவாடை இடுப்பில் நிற்காமல் வழுக்கி விழும். ஏன் என்று அவளே கேட்பாள். அப்போது இன்ச் டேப்பை அவள் கையில் கொடுங்கள்.