சாஃப்ட்வேர் ஏற்றியபின் போன் காலி: 3,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: என் சாம்சங் போன் அப்டேட்டின்போது லோகோவிலேயே நின்றுவிட்டது. கடையில் சாஃப்ட்வேர் ஏற்றித் தந்தார்கள். போன் ஓடுகிறது, உள்ளே ஒன்றுமில்லை. முதலில் வந்த திரைகளை அவசரத்தில் ‘ஸ்கிப்’ செய்துவிட்டேன். வாட்ஸ்அப்பிலும் பழைய சாட் இல்லை. 3,000 ரூபாய்க்கு ‘டேட்டா ரெக்கவரி’ செய்து தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களின் உள் மெமரி என்கிரிப்ட் செய்யப்பட்டது, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டது. உங்கள் போனில் நடந்ததுபோல் எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்யும்போது அதைத் திறக்கும் சாவியே அழிந்துவிடும். பிறகு எந்த மென்பொருள் போட்டுத் துழாவினாலும் படமோ எண்ணோ கிடைக்காது. (மெமரி கார்டில் அழிந்தது வேறு கதை, அதை மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு.) இனி திரும்பி வருவது போனுக்கு வெளியே நகல் உள்ளவை மட்டும்தான். அதற்குச் செலவில்லை.

இப்போதே வாட்ஸ்அப்பின் சாட் பேக்கப் பகுதிக்குப் போய் தானியங்கி பேக்கப்பை நிறுத்துங்கள். கூகுள் டிரைவில் கடைசி நகல் ஒன்றுதான் நிற்கும். புதிய பேக்கப் ஓடினால் காலி சாட் பழையதை அழித்துவிடும். டிரைவ் ஆப்பில் ‘பேக்கப்ஸ்’ திறந்து வாட்ஸ்அப் நகலின் தேதியைப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் இன்னொரு ஜிமெயிலில் இருக்கிறதா என்று தேடுங்கள். பலருக்கு அங்கேதான் கிடைக்கிறது.

ஆப்கள் மட்டும் போதுமென்றால் பிளே ஸ்டோரில் ‘மேனேஜ்’ பட்டியலை ‘நாட் இன்ஸ்டால்டு’ என்று மாற்றினால் பழையவை வரிசையாக வரும். எஸ்எம்எஸ், கால் பட்டியலும் வேண்டுமா? சாம்சங் கணக்கில் பேக்கப் இருந்தால் செட்டிங்ஸிலிருந்தே எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். கூகுள் பேக்கப்போ பொதுவாக முதல் அமைப்பின்போதுதான், அதாவது நீங்கள் ‘ஸ்கிப்’ செய்த திரைகளில்தான் கேட்கும். அதற்கு இன்னொரு முறை ரீசெட் செய்தாக வேண்டும். அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: ஆண்ட்ராய்டு 14-இல் எடுத்த பேக்கப் 13-இல் இறங்காது. கடையில் பழைய பதிப்பை ஏற்றியிருந்தால் முதலில் அப்டேட் செய்துவிட்டு ரீசெட் செய்யுங்கள். பழைய ஜிமெயிலும் பாஸ்வேர்டும் கையில் இருக்கட்டும், இல்லையேல் போன் பூட்டிக்கொள்ளலாம்.

ரீசெட் செய்வதானால் வாட்ஸ்அப்பைக் கடைசியில் வையுங்கள். ரீசெட் வேண்டாமென்றால் ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். அதே எண், அதே ஜிமெயில். ‘ரீஸ்டோர்’ கேட்கும்போது அழுத்துங்கள். பேக்கப்புக்கு நீங்களே பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ வைத்து மறந்திருந்தால், அதைத் திறக்க வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் ஆகாது.

யுபிஐ பற்றிப் பயம் வேண்டாம். பணம் வங்கியில் இருக்கிறது. அதே சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போகுமளவு பேலன்ஸ் வைத்துப் பதிவு செய்தால் போதும்.

கேள்வி: டேட்டா போகாமல் சாஃப்ட்வேர் ஏற்ற முடியாதா?

பதில்: பல நேரம் முடியும். சாம்சங் போனுக்குக் கணினியிலிருந்து ஓடின் என்ற மென்பொருள் வழியாக ஏற்றும்போது சிஎஸ்சி (நாடு, நெட்வொர்க் சார்ந்த அமைப்புகள்) கட்டத்தில் ‘சிஎஸ்சி’ கோப்பைப் போட்டால் எல்லாம் அழியும். ‘ஹோம் சிஎஸ்சி’ போட்டால் டேட்டா நிற்கும். இரண்டும் ஒரே ஃபர்ம்வேர் (போனின் அடிப்படை மென்பொருள்) தொகுப்பில்தான் வருகின்றன. போனைக் கொடுக்கும் முன்பே எதைப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். டேட்டா பகுதியே கெட்டுப்போய் லோகோவில் நின்றிருந்தால் மட்டும் அழிப்பதைத் தவிர வழியில்லை.