கருவாடு காயாத நாளில்...

ராமநாதபுரம் கடலோரக் கிராமங்களில் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர் இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே கத்திரி வெயிலைப் பற்றித்தான்.

கேள்வி: டி.வி.யில் வேலூர் 41, மதுரை 40 என்கிறார்கள். நம் பக்கம் 36, 37தான். ஆனாலும் எங்கள் உம்மாவுக்கு மதியமானால் தலை சுற்றுகிறது. வயது 74, பிரஷர் மாத்திரை எடுக்கிறார். கடல்காற்று இருக்க என்ன பயம் என்கிறார்கள் வீட்டில்.
- வாசகி, கீழக்கரை

தங்கச்சி, டி.வி. சொல்லும் டிகிரியை நம்ம ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வானிலைத் துறையே சமவெளிக்கு 40 டிகிரியைத் தாண்டினால்தான் வெப்ப அலை பற்றிப் பேசும், கடலோரத்துக்கு 37 வந்தாலே கணக்கெடுக்க ஆரம்பித்துவிடும். காரணத்தைக் கருவாடு போடுகிறவர்களிடம் கேளுங்கள். சில நாள் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஆனால் மீன் காயாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். காற்றில் அவ்வளவு ஈரம். அந்த நாளில் நம் வியர்வையும் காயாது. வியர்வை வழிந்தால் மட்டும் உடம்பு குளிராது, அது காய்ந்தால்தான் குளிரும். 

கடல்காற்றையும் ரொம்ப நம்ப வேண்டாம். மேற்கேயிருந்து கச்சான் பலமாக வீசுகிற நாளில் அது மூன்று மணி வரைக்கும் எட்டிப் பார்க்காது. மனிதர்கள் சுருண்டு விழுவது அந்த இடைவெளியில்தான்.

உம்மாவை மாடி அறையிலிருந்து கீழே இறக்குங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனை ஐந்தில் வைத்தால் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். கழுத்திலும் கையிலும் ஈரத் துண்டைப் போட்டுவிட்டு ஃபேனைப் போடுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. அதனால் கேட்டுக் கொடுக்காமல் நேரம் பார்த்துக் கொடுங்கள்: ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் ஒரு டம்ளர், நடுவில் ஒரு டம்ளர். இதயத்துக்கோ கிட்னிக்கோ வைத்தியம் பார்ப்பவர் என்றால் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாகப் பிரிய வைக்கும். நீங்களாக நிறுத்திவிடாமல், தலை சுற்றுவதைச் சொல்லி டாக்டரிடமே கேளுங்கள்.

கேள்வி: உப்பளத்தில் வேலை. ரெண்டு கெண்டைக்காலும் ராத்திரி முறுக்கிக்கொள்கிறது. உப்புச்சத்து குறைந்தால் அப்படி வரும் என்கிறார்கள். உப்பிலேயே நிற்கிறவளுக்கு உப்பு குறையுமா அக்கா?
- வாசகி, வாலிநோக்கம்

சிரித்துவிட்டேன், கோவிச்சுக்காதம்மா. பாத்தியில் நிற்கிற உப்பு காலைப் புண்ணாக்குமே தவிர உள்ளே போகாது. உள்ளே இருக்கிற உப்பு வியர்வையில் போய்விடுகிறது.

ஆனால் நீ எழுதாமல் விட்டதை நான் கேட்கிறேன். காலையிலிருந்து எத்தனை தடவை தண்ணீர் குடிக்கிறாய்? உங்கள் பக்கத்துப் பெண்கள் என்னிடம் இதைச் சொல்லாத வருடம் கிடையாது: ஒதுங்க மறைவு இல்லை, அதனால் குடிப்பதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேர் என்று பாத்தி, ஒரு கருவேல மரம்கூடப் பக்கத்தில் இருக்காது. வேலை கொடுப்பவரிடம் நாலு கம்பும் கிடுகும் கேளுங்கள். ஒன்று நிழலுக்கு, ஒன்று மறைவுக்கு. தனியாகக் கேட்காதீர்கள், பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள்.

குடிக்கிற அளவு, வேலை நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் சுகாதார நிலையத்தில் கிடைக்கும், பெரிய பாக்கெட்டை 1 லிட்டரில் முழுசாகக் கரைக்க வேண்டும். கையில் இல்லாவிட்டால் 1 லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. கொஞ்சம் கூடப் போட்டால் நல்லது என்று உப்பை அள்ளிப் போடாதே. சிறுநீர் எலுமிச்சைச் சாறு மாதிரி இருந்தால் சரி. கடலை எண்ணெய் மாதிரி இருந்தால் தண்ணீர் போதவில்லை. கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

கேள்வி: போன வருடம் மீன் இறக்கும்போது கூட வேலை பார்த்த அண்ணன் மயங்கி விழுந்துவிட்டார். ஆளாளுக்குச் சோடா ஊற்றினார்கள். அடுத்த தடவை என்ன செய்யணும்?
- வாசகர், மண்டபம்

தம்பி, இதற்கு என் தப்பைச் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

1998 மே மாதம், சாயல்குடிப் பக்கம். உப்பு மூட்டை தூக்குகிற ஒருவரைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்பதுகூட இருக்காது. தொட்டால் தோசைக்கல். என்னைப் பார்த்து 'ஆத்தா, ஆட்டை அவுத்து விட்டியா' என்று கேட்கிறார். உடம்பு வெடவெடவென்று நடுங்குகிறதே என்று போர்வையைப் போர்த்தினேன். அப்புறம் வண்டி தேடி ஓடினேன். வண்டி வர நாற்பது நிமிடம் ஆயிற்று. கட்டிலுக்கு நாலடி தள்ளி ஒரு சிமெண்டுத் தொட்டி, நிறையத் தண்ணீர், மேலே ஒரு பிளாஸ்டிக் வாளி மிதக்கிறது. அந்த வாளி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீலக் கலர்.

ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் நடை போய்விட்டது, குடித்தவர் மாதிரி தள்ளாடுவார். கடைத்தெருவில் பார்த்தால் 'நர்...சம்மா' என்று இழுத்து இழுத்துக் கூப்பிடுவார். உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல் போய், பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ ஒவ்வொரு நிமிடமும் மூளை வேகிறது என்று அர்த்தம். முதலில் குளிர வை, கூடவே ஒருவர் 108-க்குப் போன் போடட்டும். வண்டி வரும் வரைக்கும், வந்த பிறகும் குளிர்விப்பதை விடாதே.

உங்களுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லாத வசதி இருக்கிறது, ஐஸ் பெட்டி. தார்ப்பாயை விரித்து ஆளைப் படுக்க வைத்து, நாலு மூலையையும் நாலு பேர் தூக்கிப் பிடித்தால் தொட்டி ஆகிவிடும். தண்ணீரையும் உடைத்த ஐஸையும் கொட்டு. ஒருவர் தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடிக்கணும். மீன் வாடை அடித்தால் அடிக்கட்டும். நினைவில்லாதவர் வாயில் சோடா, தண்ணீர் எதுவும் ஊற்றாதே, நுரையீரலுக்குப் போய்விடும். இது காய்ச்சல் இல்லை, காய்ச்சல் மாத்திரை கேட்காது. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று காத்திருக்கவும் வேண்டாம், உழைக்கிறவர்களுக்கு வியர்த்துக்கொண்டே இது வரும்.

இன்னொன்று, ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் பலர் கட்டட வேலைக்குப் போகிறீர்கள். பழகாத வேலையில் முதல் வாரம்தான் மோசம். முதல் நாளே மேஸ்திரிக்குப் பலத்தைக் காட்ட வேண்டாம்.

கேள்வி: கள்ளு உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்று எங்கள் அப்பச்சி சொல்வார். உண்மையா?
- வாசகர், தேவிபட்டினம்

தணிக்காது. போதை எதுவானாலும் இருக்கிற நீரையும் வெளியேற்றிவிடும். கள்ளுக்குத் தடை இருக்கும்போது உங்களுக்கு எங்கே கிடைக்கிறது என்று நான் கேட்க மாட்டேன். பதநீர் குடியுங்கள், அதையும் காலையிலேயே. வெயில் ஏறிய பிறகு விற்கிற பதநீரில் பாதி கள்தான். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு மோர்.