ஒரே பெயர், வேறு சிப்: நெட்வொர்க் கார்டு கேள்வி-பதில்

கேள்வி: போன வருடம் ஒரு கிகாபிட் நெட்வொர்க் கார்டு வாங்கி லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரில் போட்டேன். செருகியதும் வேலை செய்தது. அதே கம்பெனி, அதே மாடல் எண் பார்த்து இன்னொரு கம்ப்யூட்டருக்கும் ஒன்று வாங்கினேன். அதில் கார்டு பட்டியலில் தெரிகிறது, இணைப்பு வரவில்லை. கடையில் கேட்டால், "விண்டோஸில் ஓடுகிறதே, கார்டில் கோளாறு இல்லை" என்கிறார்கள். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாந்தீர்கள் என்று சொல்ல மாட்டேன். பெட்டியில் போட்ட பெயரை நம்பிவிட்டீர்கள், அவ்வளவுதான். கார்டு விற்கும் கம்பெனி பெரும்பாலும் சிப் செய்வதில்லை. ரியல்டெக், இன்டெல், மார்வெல் மாதிரி யாரோ செய்த சிப்பை வாங்கித் தன் பலகையில் பற்றவைத்து விற்கிறது. அடுத்த லாட்டில் வேறு சிப் தோதாகக் கிடைத்தால் அதை வைத்துவிடும். மாடல் பெயர் அப்படியே இருக்கும். ஸ்டிக்கரின் ஓரத்தில் பொடி எழுத்தில் வி1 என்றிருந்தது வி3 ஆகியிருக்கும். டி-லிங்க்கின் டிஜிஇ-530டி இதற்கு நல்ல உதாரணம். முதலில் வந்தவற்றில் மார்வெல் சிப், பிறகு வந்த சி1 பதிப்பில் ரியல்டெக். லினக்ஸில் முன்னதற்கு ஒரு டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்), பின்னதற்கு முற்றிலும் வேறு டிரைவர்.

கார்டைக் கையில் எடுத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நடுவில் சதுரமாக ஒரு கறுப்புச் சிப் இருக்கும். ரியல்டெக் என்றால் அதன் மேல் குட்டியாக ஒரு நண்டுப் படம். நண்டுக்குப் பக்கத்தில் ஆர்டிஎல்8111 அல்லது ஆர்டிஎல்8168 என்று எண், அதை ஒட்டி ஓர் எழுத்து. 8111, 8168 இரண்டும் டிரைவரின் கண்ணுக்கு ஒன்றுதான். கவனிக்க வேண்டியது அந்த எழுத்தை. எழுத்து மாறினால் சிப்பின் உள்வேலைப்பாடும் மாறியிருக்கும். கண்ணுக்கு எட்டவில்லை என்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், வயதாகிறது.

கார்டைக் கழற்ற மனமில்லையா? விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கார்டின் விவரப் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடி என்பதைப் பாருங்கள். விஇஎன் (VEN, சிப் செய்த கம்பெனி) என்பதற்குப் பின்னால் 10இசி என்றிருந்தால் ரியல்டெக், 8086 என்றிருந்தால் இன்டெல். (1978இல் வந்த தன் பிராசசரின் எண்ணையே இன்டெல் இங்கேயும் வைத்துக்கொண்டது.) அடுத்து வரும் டிஇவி (DEV) எண்தான் சிப்பின் எண். லினக்ஸிலும் பிசிஐ பட்டியலை (செருகிய கார்டுகளின் பட்டியல்) எண்களோடு கேட்டால் இதே ஜோடி வரும், எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்பதும் கூடவே தெரியும்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. ரியல்டெக்கின் 8168 என்ற அந்த ஒரே எண்ணுக்குக் கீழே பல ரகங்கள் இருக்கின்றன. லினக்ஸில் அவற்றையும், அதே குடும்பத்தின் 8169, 8101, 8125 சிப்புகளையும் சேர்த்து ஆர்8169 என்ற ஒரே டிரைவர் பார்த்துக்கொள்கிறது. கார்டை எழுப்பும்போது அது சிப்பின் ஒரு ரெஜிஸ்டரை (சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவிடத்தை) படித்து எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளும், பிறகு அந்த ரகத்துக்கான பக்குவத்தில் அதை அமைக்கும். கெர்னல் (டிரைவர்களோடு வரும் லினக்ஸின் மையப் பகுதி) பழையது, சிப் புதியது என்றால் டிரைவருக்கு ரகம் பிடிபடாது. "தெரியாத சிப்" என்று சிஸ்டத்தின் பதிவேட்டில் (லாக்) ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிவிடும். கார்டு பட்டியலில் தெரிந்தும் இணைப்பு வராததற்கு அடிக்கடி இதுதான் காரணம்.

அதனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன், புதிய லினக்ஸ் ஒன்றை பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பிப் பாருங்கள். கார்டு ஓடினால் கெர்னலைப் புதுப்பித்தால் போதும். ஓடவில்லை என்றால் பெட்டியை எடுங்கள். "லினக்ஸ்" என்று அதில் அச்சிட்டிருக்கிறதா, எந்தப் பதிப்பு முதல் என்று போட்டிருக்கிறதா? அந்தப் பக்கத்தையும், பதிவேட்டில் வந்த வரியையும் படம் எடுத்து, எழுத்தில் கேளுங்கள். "கோளாறு இல்லை" என்பது அவர் தரப்பில் சரியாகவே இருக்கலாம். பெட்டியில் சொன்ன வேலையைச் செய்யவில்லை என்பது உங்கள் தரப்பு. அதற்குத்தான் பதில் வாங்க வேண்டும்.

கேள்வி: 2.5 கிகாபிட் கார்டு வாங்கலாம் என்றிருக்கிறேன். இன்டெல் நல்லதா, ரியல்டெக் நல்லதா? இன்டெல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார் நண்பர்.

பதில்: கண்ணைத் திறந்தே வாங்குங்கள். 2.5 வேகத்துக்கு இன்டெல் கொண்டுவந்த முதல் சிப் ஐ225. அதன் ஆரம்பப் பதிப்புகளில், தரவைத் துண்டு துண்டாகச் சுமந்து போகும் பாக்கெட்டுக்கும் பாக்கெட்டுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியில் பிழை இருந்தது. சில சுவிட்சுகளோடு (கம்ப்யூட்டர்களைக் கேபிளில் ஒன்றிணைக்கும் பெட்டிகள்) 2.5 வேகத்தில் பேசும்போது பாக்கெட்டுகள் தொலைந்தன, வேகத்தை 1 கிகாபிட்டுக்கு இறக்குவதுதான் மாற்று வழியாக இருந்தது. பிழை சிப்பிலேயே இருந்ததால் டிரைவர் புதுப்பித்துத் தீரவில்லை, பி3 என்ற திருத்திய சிப் வர வேண்டியிருந்தது. இன்றைக்கும் பழைய சரக்கில் முதல் பதிப்புகள் கிடக்கலாம். விற்பவரால் எந்தப் பதிப்பு என்று சொல்ல முடியவில்லை என்றால் ஐ226 உள்ளதாகக் கேளுங்கள். லினக்ஸில் இரண்டுக்கும் ஐஜிசி என்ற ஒரே டிரைவர்தான்.

ரியல்டெக்கின் 2.5 சிப் ஆர்டிஎல்8125. 2019 கடைசியில் வந்த லினக்ஸ் 5.4 முதல் ஆர்8169 டிரைவர் இதையும் பிடிக்கும். அன்றாட விண்டோஸ், லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு இதுவே தாராளம். ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் போல இன்னொரு இயங்குதளம்) அடிப்படையிலான ஃபயர்வால் (நெட்வொர்க் காவல்) பெட்டி கட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும் நான் இன்டெல் பக்கம் சாய்வேன். அங்கே 8125க்குச் சிஸ்டத்தோடு வரும் டிரைவர் நெடுநாள் கிடையாது, ரியல்டெக்கின் டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை சிஸ்டத்தை மேம்படுத்தும்போதும் அது ஒரு தலைவலி.

அப்புறம் ஸ்லாட்டையும் பாருங்கள். 2.5 கிகாபிட் என்பது ஒரு திசையில் விநாடிக்கு 312.5 மெகாபைட். முதல் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸின் ஒற்றை வழி (ஒரே லேன்) ஸ்லாட் ஒரு திசையில் தருவது 250 மெகாபைட்தான். மதர்போர்டு அவ்வளவு பழசு என்றால் கார்டு ஓடும், முழு வேகம் வராது. கேபிளை மாற்றத் தேவையில்லை, கேட்-5இ கேபிளிலேயே 100 மீட்டர் வரை 2.5 போகும். ஆனால் மறுமுனையில் இருக்கும் சுவிட்சும் 2.5 பேச வேண்டும். இதை மறந்துவிட்டு "கார்டு சரியில்லை" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: கார்டோடு ஒரு டிரைவர் சிடி வந்திருக்கிறது. என் கம்ப்யூட்டரில் சிடி டிரைவே இல்லை. என்ன செய்வது?

பதில்: ஒன்றும் நஷ்டமில்லை. அதில் இருப்பது பெட்டியில் அடைத்த நாளின் டிரைவர். சிப் செய்தவரின் தளத்திலிருந்தே புதியதை எடுங்கள். டிரைவர் தேடித் தரும் 'அப்டேட்டர்' மென்பொருள்களை மட்டும் தொடாதீர்கள்.

கேள்வி: புதிதாக விண்டோஸ் 11 போடும்போது, நடுவில் "இணையத்தோடு இணையுங்கள்" என்று நின்றுவிட்டது. நெட்வொர்க் கார்டையே அது கண்டுகொள்ளவில்லை. டிரைவர் எடுக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும்!

பதில்: கோழியா முட்டையா கதைதான். மதர்போர்டில் இருக்கும் சிப், நீங்கள் போடும் விண்டோஸ் கோப்பைவிடப் புதியது. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை இயக்கிப் பாருங்கள். அதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். இன்ஸ்டால் முடிந்ததும் கார்டின் டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். போன் ஒத்துவரவில்லை என்றால், வேறொரு கம்ப்யூட்டரில் டிரைவரை இறக்கி பென் டிரைவில் கொண்டுவாருங்கள்.

கேள்வி: சர்வர்களிலிருந்து கழற்றிய 10 கிகாபிட் இன்டெல் கார்டுகள், 82599 சிப் உள்ளவை, பழைய சரக்காக மலிவில் கிடைக்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டரில் போடலாமா?

பதில்: போடலாம். டிரைவர் பற்றிக் கவலை வேண்டாம். ஐஎக்ஸ்ஜிபிஇ என்ற லினக்ஸ் டிரைவர் வருடக்கணக்காகத் தேய்ந்து பதமானது. தொல்லை வேறு இடங்களில் வரும்.

இந்தக் கார்டில் சாதாரண ஆர்ஜே-45 துளைக்குப் பதிலாக எஸ்எஃப்பி+ மாட்யூல் (கேபிளைப் பொருத்தும் தனி முனை) செருகும் கூடு இருந்தால், வேறு கம்பெனி மாட்யூலைச் செருகியதும் டிரைவர் "இதை நான் ஆதரிப்பதில்லை" என்று கையை விரித்துவிடும். லினக்ஸில் அதை அனுமதிக்க டிரைவருக்கு ஓர் அமைப்பு கொடுக்கலாம். அது தெரியாமல் நல்ல மாட்யூலைத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அடுத்தது சூடு. சர்வரின் பலத்த காற்றோட்டத்தை நம்பிச் செய்த கார்டு இது. வீட்டுப் பெட்டியில் ஹீட்சிங்க்கைத் தொட்டால் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வீர்கள். பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறி வைத்துவிடுங்கள். ஸ்லாட்டும் எட்டு வழி (எட்டு லேன்) உள்ளதாக இருக்கட்டும்.

பழைய சரக்கில் போலிகளும் உண்டு. இன்டெல் பெயரில், குறிப்பாக நான்கு துளை உள்ள ஐ350 கார்டுகளில் நிறையவே உலவுகின்றன. ஒழுங்காகத் தெளிவான படம் போடாமல், "புத்தம் புதியது" என்று எழுதி, சந்தை விலையில் பாதிக்குத் தருகிறேன் என்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: பரணில் ரியல்டெக் 8139 கார்டு ஒன்று கிடைத்தது. இன்னும் வேலை செய்யுமா?

பதில்: பழைய பிசிஐ ஸ்லாட் (பிசிஐ எக்ஸ்பிரஸ் அல்ல) உள்ள கம்ப்யூட்டர் இருந்தால் செய்யும், 100 மெகாபிட்டில். மலிவுக்குப் பேர்போன சிப் இது. வரும் பாக்கெட்டுகளை எல்லாம் நினைவகத்தில் ஒரே தொட்டியில் கொட்டும். அங்கிருந்து ஒவ்வொன்றையும் பிராசசர்தான் வேறு இடத்துக்கு எடுத்து வைக்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டிக்கு இதன் டிரைவரை எழுதிய பில் பால், 'மலிவுச் சரக்கு' என்பதற்கே இந்த சிப் புது அர்த்தம் கொடுத்துவிட்டது என்கிற ரீதியில் நிரலின் தொடக்கக் குறிப்பிலேயே புலம்பியிருக்கிறார். ஆனாலும் உலகமெங்கும் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். காசு கொடுத்து இப்போது வாங்காதீர்கள். பரணிலிருந்து கிடைத்ததைப் பழைய பிரிண்டர் கம்ப்யூட்டருக்குப் போடுங்கள்.