கரண்ட் வைக்கும்போது நல்ல செல்களைக் காப்பாற்ற மாத்திரை உண்டா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. அடுத்து 30 முறை கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்கிறார்கள். “கரண்ட் வைத்தால் நல்ல செல்லும் சேர்ந்து கருகிவிடும், இதைக் கொடு” என்று சித்தப்பா இரண்டு டப்பா ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா? நல்ல செல்களைக் காப்பாற்ற வேறு என்ன வழி?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சிகிச்சை முடியும்வரை அந்த டப்பாக்களைத் திறக்க வேண்டாம். சித்தப்பாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. கதிர்வீச்சில் நல்ல செல்களும் அடிபடத்தான் செய்கின்றன. ஆனால் அவர் வாங்கி வந்த தீர்வில் ஒரு ஆபத்து இருக்கிறது.

கதிர் உடலுக்குள் பாயும்போது செல்லில் இருக்கும் தண்ணீரை உடைத்து, ஃப்ரீ ராடிக்கல் என்ற வீரியமான துகள்களை உண்டாக்குகிறது. டிஎன்ஏவை அறுக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது இவைதான். ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையின் வேலையே இந்தத் துகள்களை அணைப்பது. நல்ல செல்லில் மட்டும் அணைத்தால் சந்தோஷம். புற்றுச் செல்லிலும் அணைத்துவிட்டால், நோய்க்கே நாம் கவசம் மாட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

இது வெறும் ஊகம் இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 540 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2005இல் முடிவுகள் வந்தன. வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவுகள் குறைந்தன, உண்மை. ஆனால் மாத்திரை சாப்பிட்ட குழுவில் நோய் அதே இடத்தில் திரும்புவதும் கூடுதலாகத் தென்பட்டது. சில வருடங்கள் கழித்துப் பார்த்தபோது, வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களில் இறந்தவர்களும் அதிகம். சிகிச்சை நாட்களிலும் சிகரெட் பிடித்தவர்களிடம்தான் இந்தக் கெடுதல் தெளிவாகத் தெரிந்தது. வாய் புண்ணாகாமல் இருக்கிறதே என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்க, உள்ளே நோய் தப்பித்துக்கொள்ளலாம். இதைச் சொல்லாமல் டப்பா டப்பாவாக விற்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பழம், கீரை, காய்கறி இவற்றுக்குத் தடை இல்லை. நான் வேண்டாம் என்பது அதிக அளவு மாத்திரைகளையும் செறிவான சாறுகளையும்தான். ரத்தப் பரிசோதனையில் ஏதாவது சத்துக் குறைவு தெரிந்து மருத்துவரே எழுதிக் கொடுத்தால் அது வேறு.

நல்ல செல்லை மட்டும் காக்கும் மருந்தே இல்லையா என்று கேட்பீர்கள். அமிஃபோஸ்டின் என்று ஒன்று உண்டு. அணுகுண்டுக் கதிரிலிருந்து படைவீரர்களைக் காக்க அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து அது. கதிர்வீச்சால் வரும் வாய் வறட்சிக்காக 1999இல் அங்கே அனுமதி பெற்றது. ஊசியாகத்தான் போட வேண்டும். வாந்தியும் ரத்த அழுத்தச் சரிவும் அதிகம் என்பதால் இப்போது அதை எடுப்பவர்கள் குறைவு.

சரி, அப்படியானால் நல்ல செல்களை யார் காப்பாற்றுகிறார்கள்? முதலில், அந்த 30 என்ற எண்ணே. இந்த மாதிரி நோய்க்கு ஒரு நாளைக்கு 2 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரத்தில் மொத்தம் 60 கிரே என்பது வழக்கமான கணக்கு. நல்ல செல்லுக்கு அடிபட்ட டிஎன்ஏவைப் பழுதுபார்த்துக்கொள்ளும் திறமை அதிகம். ஒரு சிகிச்சைக்கும் அடுத்ததற்கும் நடுவில் அது பெரும்பாலும் தேறிக்கொள்ளும். புற்றுச் செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. அதனால்தான் மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுப்பதில்லை. இடையில் நாட்களைத் தவறவிட்டாலோ மிஞ்சிய புற்றுச் செல்கள் பெருக இடம் கொடுத்ததாகிவிடும். கல்யாணம், காதுகுத்து என்று ஒரு நாளையும் விடாதீர்கள்.

இரண்டாவது, திட்டமிடல். அப்பாவின் முகத்துக்கு அளவெடுத்து ஒரு பிளாஸ்டிக் மாஸ்க் செய்து, அதைப் போட்டு சிடி ஸ்கேன் எடுப்பார்கள். அதை வைத்து எந்த இடத்துக்கு எவ்வளவு, எதைத் தொடக்கூடாது என்று கணக்குப் போடுவார்கள். காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள், தண்டுவடம், தாடை எலும்பு எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. ஐஎம்ஆர்டி என்ற புதிய முறையில், பல திசைகளிலிருந்து வரும் கதிரின் அளவை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்து, இவற்றை முடிந்தவரை ஒதுக்கிக் கொடுக்க முடிகிறது. பிரிட்டனில் 94 பேரிடம் நடந்த ஒரு ஆய்வில், பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஒரு வருடம் கழித்தும் வாய் வறட்சி தொந்தரவு கொடுத்தது. ஐஎம்ஆர்டி பெற்றவர்களில் அது 38 சதவீதம். நல்ல செல்லைக் காப்பதில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எந்த டப்பாவும் தந்ததில்லை. அப்பாவுக்கு எந்த முறை, உமிழ்நீர்ச் சுரப்பியை ஒதுக்க முடியுமா என்று கதிர்வீச்சு மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். அந்தச் செலவு காப்பீட்டில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலும் விசாரியுங்கள். சென்னையில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சையும் (எக்ஸ்ரே போன்ற கதிருக்குப் பதில் புரோட்டான் துகள்களைப் பாய்ச்சும் முறை) இருக்கிறது. செலவு மிக அதிகம், எல்லோருக்கும் அவசியமும் இல்லை. அது கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம்.

மூன்றாவது உங்கள் கையில் இருப்பது: எடை. அப்பா இளைத்தால் மாஸ்க் தளர்ந்துவிடும். கன்னம் ஒட்டி, ஒதுக்கி வைத்திருந்த சுரப்பி கதிர் பாயும் இடத்துக்குள் நகர்ந்துவிடும். அதாவது சோறு இறங்காமல் போனால் நல்ல செல்லுக்கான பாதுகாப்பும் போய்விடும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாய் புண்ணாகத் தொடங்கும். கடைசி வாரங்களில் உச்சத்தில் இருக்கும். வெறும் கஞ்சி போதாது. முட்டை, பால், தயிர், நன்றாக மசித்த பருப்பு கொடுங்கள். புண் சீழ் பிடிக்கும் என்று முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். விழுங்கவே முடியவில்லை என்றால் சில வாரத்துக்கு மூக்கு வழியாக டியூப் வைக்கலாம் என்பார்கள். அதைக் கேட்டதும் பயந்து மறுக்க வேண்டாம், பெரும்பாலும் தற்காலிகம்தான்.

வாய் கொப்பளிக்க, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா. சாப்பிட்டபின் ஒவ்வொரு முறையும், இடையிடையேயும். ஸ்பிரிட் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். பென்சிடமின் என்ற கொப்பளிக்கும் மருந்து தொடக்கத்திலிருந்தே பயன்படுத்தினால் புண் குறையும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கதிர் படும் தோலில் மஞ்சள், சந்தனம், தைலம் எதுவும் பூசாதீர்கள். பிளேடால் ஷேவ் செய்யவும் கூடாது.

அப்பாவுக்கு புகையிலையோ பாக்கோ பீடியோ பழக்கம் இருந்தால் இன்றோடு விட வேண்டும். புகைப்பவர்களின் திசுக்களுக்கு ஆக்ஸிஜன் குறைவாகப் போகும். ஆக்ஸிஜன் குறைந்தால் கதிரின் வேலையும் குறையும், புண்ணும் சீக்கிரம் ஆறாது. சொல்லியும் விட முடியவில்லை என்றால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து உண்டு.

கடைசியாக, பல். இதை இந்த வாரமே செய்யுங்கள், ஏனென்றால் அறுவை சிகிச்சையிலிருந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கிவிடுவது நல்லது. பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் இப்போதே பிடுங்கிவிட வேண்டும். அந்தப் புண் ஆற இரண்டு வாரமாவது வேண்டும். அதிகக் கதிர் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அழுகும் நிலை வரலாம். பத்து வருடம் கழித்துப் பல் வலித்தாலும், “எனக்குத் தாடையில் கரண்ட் வைத்திருக்கிறார்கள்” என்பதைத்தான் அப்பா பல் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.