பத்து லிட்டர் தெளிப்பு ட்ரோன்: எந்த எடையைக் கணக்கில் எடுப்பது?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய பாடசேகர சமிதியினர் (நெல் விவசாயிகள் கூட்டாக நடத்தும் குழுவினர்) நெல்வயலுக்கு மருந்து தெளிக்க, 10 லிட்டர் டேங்க் கொண்ட ட்ரோன் ஒன்றைக் கூட்டாக வாங்கவிருக்கிறார்கள். விலைப்பட்டியலில் எடை 10.6 கிலோ என்று இருக்கிறது. விற்பவரோ, இது 25 கிலோ வரையிலான வகையைச் சேர்ந்தது என்கிறார். இவற்றில் எது சரி, டேங்கைப் பாதி மட்டும் நிரப்பினால் வகை மாறுமா, பிற்பாடு 12 லிட்டர் டேங்க் பொருத்திக்கொள்ளலாமா என்று அவர் கேட்கிறார்.

இரண்டுமே சரிதான். 10.6 கிலோ என்பது பேட்டரியும் மருந்துக் கரைசலும் இல்லாத வெற்று இயந்திரத்தின் எடை. 2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ட்ரோன் விதிகள் அந்த எடையைக் கணக்கில் எடுப்பதில்லை. சுமையும் சேர்த்து, அந்த இயந்திரம் அதிகபட்சமாக எவ்வளவு எடையோடு பறக்கலாம் என்பதை வைத்தே வகை பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், 150 கிலோ வரை மீடியம், அதற்கும் மேல் லார்ஜ். இவை மத்திய அரசின் விதிகள் என்பதால், கேரள-தமிழ்நாடு எல்லையான வாளையாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான்.

பாதி டேங்க் நிரப்பினால் வகை மாறாது. வாளையாறு வழியாகப் போகும் லாரி அன்று காலியாகவே ஓடினாலும், அதன் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் மொத்த எடை குறைந்துவிடுவதில்லை. ட்ரோனுக்கு அந்த இடத்தில் இருப்பது வகைச் சான்றிதழ், அதாவது டைப் சர்டிபிகேட். அதில் குறித்துள்ள அதிகபட்ச எடைதான் அந்த மாடலின் வகையைத் தீர்மானிக்கிறது. நீங்கள் வயலில் எடை போட்டுப் பார்ப்பது வகையைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல, அந்த வரம்பை மீறவில்லை என்பதை உறுதிசெய்துகொள்வதற்காக. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான சந்தேகங்கள் எழுகின்றன.

இனி உங்கள் இயந்திரத்தின் கணக்கைப் பார்ப்போம். வெற்று எடை 10.6 கிலோ. நீங்கள் அனுப்பிய விவரப்படி பேட்டரி ஒன்று 2.05 கிலோ, ஒரே நேரத்தில் இரண்டு பொருத்த வேண்டும் என்பதால் 4.1 கிலோ. கரைசல் 10 லிட்டர், ஏறத்தாழ 10 கிலோ. ஆக மொத்தம் 24.7 கிலோ. சான்றிதழில் உள்ள வரம்பு 24.8 கிலோ என்கிறீர்கள். கையில் மிஞ்சுவது 100 கிராம்தான். 10 லிட்டர் ட்ரோன்கள் பலவும் இப்படி 25 கிலோவை ஒட்டி நிற்பது தற்செயல் அல்ல. ஸ்மால் வகைக்குள் இருந்துகொண்டே எவ்வளவு மருந்தைச் சுமக்க முடியுமோ அவ்வளவுக்கும் தயாரிப்பாளர்கள் அவற்றை வடிவமைக்கிறார்கள். அதனால் வாங்குபவருக்கு விளையாட இடமே இருப்பதில்லை.

அந்த 100 கிராம் எப்படிக் கரையும் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டேங்கில் 10 என்ற கோடு இருக்கும். ஆனால் கழுத்து வரை ஊற்றினால் அரை லிட்டருக்கு மேலும் பிடிக்கும் டேங்குகள் உண்டு. வெயிலில் நின்று அவசரமாகக் கரைசல் ஊற்றுபவர் கோட்டைப் பார்க்காமல் விட்டால், அந்த ஒரு தடவையிலேயே 24.7 கிலோ 25.2 ஆகிவிடும், சான்றிதழ் வரம்பும் போயிற்று, ஸ்மால் வகையின் வரம்பும் போயிற்று. 16,000 எம்.ஏ.எச். (பேட்டரியின் கொள்திறன் அளவு) பேட்டரிக்குப் பதிலாக 22,000 போட்டால் கூடுதல் நேரம் பறக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஒவ்வொரு பேட்டரியிலும் அரைக் கிலோ அளவுக்கு எடை கூடும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். விளக்கு, கூடுதல் கேமரா, கம்பி கட்டி வலுப்படுத்திய கால் என்று பிறகு சேர்க்கும் ஒவ்வொன்றும் கணக்கில் வரும். கையிலிருக்கும் ரிமோட்டும் வண்டியில் இருக்கும் உபரி பேட்டரியும் வராது.

பேட்டரியின் சார்ஜ் தீர்ந்தாலும் அதன் எடை குறையாது. தெளிக்கத் தெளிக்க இயந்திரம் இலேசாவது கரைசல் குறைவதால் மட்டுமே. ஆனாலும் வரம்பைப் பார்க்க வேண்டியது தரையை விட்டு எழும் கணத்தில், அதாவது எடை உச்சத்தில் இருக்கும்போது.

டேங்கைக் கழற்றிவிட்டு உரமோ விதையோ தூவும் கருவியைப் பொருத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே லிட்டர் கணக்கு உதவாது. 10 லிட்டர் கொள்ளளவில் யூரியா ஏழெட்டுக் கிலோதான் பிடிக்கும். ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து அதே அளவுக்கு நிரப்பினால் 15 கிலோவை எட்டிவிடும். ஊறவைத்த விதைநெல் உலர்ந்த விதையைவிட எடை கூடியது. எதைத் தூவினாலும் கிலோவில் நிறுத்தே போட வேண்டும். தூவும் கருவியும் அந்த மாடலின் சான்றிதழில் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை போடும்போது, முத்திரையிட்ட எலக்ட்ரானிக் தராசையே பயன்படுத்துங்கள். நெல் மூட்டை நிறுக்கும் தராசு 50 அல்லது 100 கிராம் படியில் காட்டுவதால், 100 கிராம் மிச்சத்தை அளக்க அது போதாது. 10 கிராம் படியில் காட்டும் தராசு கிடைத்தால் நல்லது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறக்கைகளில் பட்டால் எண் நிலையாக நிற்காது. ஆகவே கதவைச் சாத்திய அறைக்குள் நிறுங்கள். ட்ரோனின் கால்கள் தராசுத் தட்டுக்கு வெளியே நீட்டினால், பலகை ஒன்றை வைத்து எண்ணைச் சுழியாக்கிவிட்டு அதன்மேல் நிறுத்தலாம். முதலில் பாகம் பாகமாகவும், பிறகு பேட்டரி பொருத்தி, தெளிக்கப்போகும் அதே கலவையைக் கோடு வரை நிரப்பி முழுதாகவும் நிறுத்து, இரண்டு தொகையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒரு பாகம் விட்டுப்போயிருக்கிறது.

12 லிட்டர் டேங்க் மாற்றுவதை நான் ஏற்க மாட்டேன். இரண்டு கிலோ கூடுவதோடு வகையே மீடியம் ஆகிவிடும். கையிலிருக்கும் வகைச் சான்றிதழ் அந்த வடிவத்துக்குப் பொருந்தாது. ட்ரோன் ஓட்டுபவரின் சான்றிதழ் ஸ்மால் வகைக்கு உரியதென்றால் அதுவும் போதாது. விபத்து நேர்ந்தால் மூன்றாம் நபர் காப்பீட்டு நிறுவனம் முதலில் எழுப்பும் கேள்வியும் இதுவாகவே இருக்கும். சட்டம் ஒருபுறமிருக்க, வெயில் ஏறி காற்றின் அடர்த்தி குறையும் நேரத்தில் மோட்டார்களுக்கு இருக்கும் உபரி தூக்கும் சக்தியும் குறைந்துவிடும். திடீர்க் காற்றில் நிலைகுலையும் ட்ரோன், பக்கத்து வரப்பில் நிற்பவர்மேல் விழக்கூடும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்த மாடலின் வகைச் சான்றிதழ் நகலையும், அதில் குறித்துள்ள அதிகபட்ச எடையையும், எந்தப் பேட்டரியோடும் எத்தனை லிட்டரோடும் அந்த எடை கணக்கிடப்பட்டது என்பதையும் விற்பவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக மட்டும் சொல்பவரிடம் வாங்காதீர்கள்.