பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்: சிகரெட் விலை, வாசகர் கடிதங்கள்

"எல்லாப் பொருளுக்கும் 10 சதவீதம் தள்ளுபடி" என்று போர்டு வைத்த பெரிய கடையில், சிகரெட்டுக்கு மட்டும் ஒரு பைசா குறைக்கவில்லை. இது ஏமாற்று வேலைதானே? (வாசகர், குன்னூர்)

இல்லை. சோப்பு, பிஸ்கட் என்றால் கம்பெனி தரும் கமிஷனிலிருந்து உங்களுக்குக் கொஞ்சம் கிள்ளித் தரலாம். சிகரெட்டில் பாதிக் காசு வரிக்கே போய்விடும், கடைக்காரர் கையில் நிற்பது சொற்பம். தவிர, சிகரெட்டுக்குச் சலுகை அறிவித்து ஆள் பிடிப்பது 2003ஆம் ஆண்டு புகையிலைச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் வேலை. போர்டின் அடியில் பொடி எழுத்தில் "புகையிலை நீங்கலாக" என்று இருந்திருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

ஒரே கோல்டு ஃபிளேக் இரண்டு கடையில் இரண்டு விலை. ஏன்? (வாசகர், கோத்தகிரி)

எந்த கோல்டு ஃபிளேக்? சின்னதா, கிங்ஸா? சின்னது சுமார் ஏழு சென்டிமீட்டர், கிங்ஸ் சுமார் எட்டரை. சிகரெட்டுக்கு வரி நீளத்தைப் பார்த்துத்தான். பெயரை மட்டும் எழுதினால் நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்? பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

கூடலூரிலிருந்து எல்லை தாண்டி குண்டல்பேட்டையில் வாங்கினால் மலிவா? (வாசகர், கூடலூர்)

மாநிலத்துக்கு மாநிலம் வேறு வரி என்ற கதை 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு முடிந்தது. பஸ் காசுதான் நஷ்டம்.

ஊட்டியில் பெட்டிக்கு 5 ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள். கேட்டால் "மலை ஏத்துக்கூலி" என்கிறார்கள். (வாசகர், ஊட்டி)

இந்தக் கடிதம் வராத மாதமே இல்லை. எனக்கும் இதைப் படித்தால் ரத்தக் கொதிப்பு ஏறாத நாளில்லை. அச்சிட்ட எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்த்த உச்ச விலை. பர்லியாறு வழியாக ஏறினாலும் கல்லட்டி வழியாக ஏறினாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கக்கூடாது, 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. இன்னொன்று. நான் 30 வருஷம் ஏஜென்சி வேனில் சரக்கு போட்டவன். மேட்டுப்பாளையம் கடைக்கும் குன்னூர் கடைக்கும் ஒரே ரேட்டில்தான் பில் போட்டோம், வேன் டீசல் எங்கள் தலையில். அப்புறம் கடைக்காரர் எந்தக் கூலியைக் கொடுத்தார்?

இதன் தம்பி "பட்ஜெட் ரேட்". ஒரு பிப்ரவரியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் "நேத்துலேர்ந்து ஏறிடுச்சுங்க" என்றார். பெட்டியைத் திருப்பினேன். பேக்கிங் டிசம்பர், விலை பழையது. "சரி, புது ரேட்டுக்கே பில் கொடுங்க" என்றேன். கல்லாவில் போட்ட காசை எடுத்து எண்ணி மீதியைக் கொடுத்துவிட்டார், முகத்தைத்தான் பார்க்கவில்லை. ஒற்றையாக வாங்குகிறவர்களை இன்னும் சுலபமாக அடிக்கலாம்: பத்து சிகரெட் உள்ள பெட்டி 170 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று 20 என்றால் 30 ரூபாய் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

புகாருக்குத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு, அல்லது 1915 என்ற நுகர்வோர் உதவி எண். ஆனால் நீங்கள் பிராண்டும் எழுதவில்லை, அச்சிட்ட விலையும் எழுதவில்லை, பில்லும் வாங்கவில்லை. இதை வைத்து அதிகாரி என்ன செய்வார்? பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், பில் கேளுங்கள்.

16 வயது மகனை அனுப்பினேன், கடைக்காரர் தர மறுத்துவிட்டார். இது சரியா? (வாசகர், அரவங்காடு)

அவர் செய்தது சரி. நீங்கள் செய்தது தப்பு. 18 ஆகாதவருக்கு விற்கக்கூடாது.

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் அங்கே பெரிய மொத்தக் கடையில் மலிவாக ஒரு கார்ட்டன் வாங்கி வருகிறேன் என்கிறான். லாபமா? (வாசகர், வெலிங்டன்)

எந்த மாநிலம்? அங்கே எம்.ஆர்.பி. கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. மிசௌரியில் பெட்டிக்கு 17 சென்ட், நியூயார்க்கில் 5 டாலருக்கு மேல். மத்திய வரி இன்னொரு டாலர். எல்லாப் பெரிய கடையிலும் கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள், டார்கெட் என்ற பெரிய கடைத்தொடர் 1996லேயே சிகரெட்டை நிறுத்திவிட்டது. கார்ட்டன் என்றால் 200 சிகரெட். நம் விமான நிலையத்தில் வரியில்லாமல் விடுவது 100. மீதிக்கு நீங்கள் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகக் கட்டுவான்.

மழைக்காலத்தில் வாங்கும் சிகரெட் நமுத்துப்போகிறது. பழைய ஸ்டாக்கா? (வாசகர், மஞ்சூர்)

பனிமூட்டம்தான் காரணம். சில பெட்டிக்கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு எரியவிட்டிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? வெளிச்சத்துக்கு இல்லை, ஈரம் ஏறாமல் இருக்கத்தான். அந்த மாதிரிக் கடையில் வாங்குங்கள். பேக்கிங் மாதத்தையும் பார்த்துவிடுங்கள்.